மேஸ்திரிக்கு வீதி, கலெக்டருக்குத் தூண்

மதுரைப் பசுமலையில் எனக்கு இன்று ஓரடி நீளத்துக்கு முகவரி இருக்கிறது. மனை எண், நகரின் பெயர், விரிவாக்கம், இரண்டாவது குறுக்குத் தெரு, பின்கோடு. இத்தனையும் எழுதிய பிறகும் பார்சல் கொண்டுவரும் தம்பி போன் போட்டு, "அண்ணே, பைக்காராவுக்கு முன்னாடியா, தாண்டியா?" என்றுதான் கேட்கிறார்.

முன்பு திருமலை நாயக்கர் மகால் பக்கத்து வளவில் குடியிருந்த காலத்தில் கதவு எண் என்ற ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. சந்தின் பெயரும் வளவுக்காரர் பெயரும் போதும். மணியார்டர் வீடு தேடி வந்துவிடும். வளவு என்றால் தெருவைப் பார்த்து ஒரே வாசல், உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனம். ஒரு கிணறு, ஒரு குழாய், ஒரே ஒரு கரண்ட் மீட்டர். ராத்திரி ஒன்பது மணிக்கு வளவுக்காரம்மா மெயினை அணைத்துவிடுவார். நாங்கள் எல்லோரும் சீக்கிரம் தூங்கி எழுந்த நல்ல பிள்ளைகளாக வளர்ந்ததற்கு அதுதான் காரணம். வெளியே சௌராஷ்டிர நெசவாளர்கள் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரிப்பார்கள். பாவு சுருட்டும் வரை சைக்கிள்கூட உள்ளே வராது. இன்று அந்த இடத்தில் மூன்று மாடி ஜவுளிக் கிடங்கு. காவலாளியிடம் வளவைப் பற்றி விசாரித்தேன். "அப்படி ஒரு கடை இந்தப் பக்கம் இல்லையே சார்" என்றார்.

அவரைக் குறை சொல்வானேன்? நாங்களே ஓர் அரண்மனை காணாமல் போன இடத்தில்தான் குடியிருந்தோம். திருமலை நாயக்கர் கட்டிய மகாலில் இன்று நிற்பது கால்வாசிதான். சொக்கநாத நாயக்கர் அதைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். மிச்சத்தை ஊர் தின்றது. ஆனால் பெயர்களை யாரும் வண்டியில் ஏற்றவில்லை. அரண்மனை முரசு முழங்கிய இடம் நவபத்கானா தெரு. முரசு இல்லாத குறையை இப்போது ஷேர் ஆட்டோக்கள் தீர்த்து வைக்கின்றன. அரண்மனைப் பெண்கள் பந்தாடிய இடம் என்று சொல்லப்படுவது பந்தடி. அதற்கு வரிசையாக எண் போட்ட தெருக்கள் உண்டு, பந்து உருட்டத்தான் இடமில்லை. அரண்மனையின் ரங்கவிலாசப் பகுதியில் பத்துத் தூண்கள் மட்டும் தப்பின. அரண்மனைத் தூண்களுக்கு மதுரை கொடுத்த பட்டம், பத்துத்தூண் சந்து.

கோட்டையின் கதை இன்னும் வேடிக்கை. கீழவாசல், மேலவாசல், தெற்குவாசல் என்று தினமும் கண்டக்டர்கள் கூவுகிறார்கள்; வாசல் ஒன்றும் இல்லை. நாயக்கர் காலத்துக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் இருந்தனவாம். பெரியார் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. 1830-களிலும் 40-களிலும் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் ஊர் மூச்சுத் திணறுவதைப் பார்த்துச் சுவரை இடிக்க முடிவு செய்தார். சர்க்கார் கஜானாவைத் திறக்காமல் அதைச் செய்ததில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த நிலம் சொந்தம் என்று அறிவித்தார். இலவச மனை என்றால் மதுரைக்காரன் சும்மா இருப்பானா? கோட்டை போய், வெளி வீதிகள் வந்தன. அளந்த சர்வேயர் மாரட் பெயரில் மாரட் வீதிகள். வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதிகள்.

உத்தரவு போட்ட கலெக்டருக்கு? நன்றியுள்ள ஜனங்கள் ஒரு விளக்குத் தூண் நட்டார்கள். அதற்கும் அவர் பெயர் ஒட்டவில்லை. விளக்குத்தூண் என்றால் ஊருக்கே தெரியும், போலீஸ் ஸ்டேஷனே அந்தப் பெயரில் இருக்கிறது. பிளாக்பர்ன் என்று ஆட்டோவில் ஏறிச் சொல்லிப் பாருங்கள், ஏதோ ஹோட்டல் என்று நினைப்பார்கள். மாரட்டும் முழுசாகத் தப்பவில்லை. மராட்டியர் குடியேறிய வீதி என்று பள்ளியில் ஒரு வாத்தியார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்து, பரீட்சையில் மார்க்கும் போட்டார். சேதமில்லாமல் நிற்பவர் மேஸ்திரி ஒருவர்தான்.

பெயர் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்பதற்குச் சாமி காரியமும் விலக்கல்ல. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது ஊர் வழக்கு. திருவிழா மாறியது, வீதிகள் மாறவில்லை. சித்திரைத் தேர் ஓடுவது இன்றும் மாசி வீதியில். மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராடச் சிவபெருமான் ஏழு கடலையும் கொண்டுவந்த எழுகடல் குளத்தில் இப்போது கடை வளாகம். ஏழு கடலையும் வரவழைத்த கடவுளால் நகராட்சியைத் தடுக்க முடியவில்லை.

நான் குடிவந்த பக்கத்துக்கு வருகிறேன். நீலகிரிப் பைக்காராவில் 1932-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கரண்ட் மதுரைக்கு வந்து இறங்கிய இடத்துக்கு ஜனங்கள் பைக்காரா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எந்த அரசாணையும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. மில் முதலாளி ஹார்வி பெயரில் பக்கத்திலேயே ஹார்விபட்டி. வெள்ளைக்காரன் பெயரோடு பட்டியைச் சேர்த்த துணிச்சல் இன்று மனை விற்பவர்களுக்கு வராது. அவர்கள் கண்மாய்க் கரையில் கல் நட்டு அவென்யூ என்பார்கள்.

அரசாங்கம் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பஸ்ஸே சாட்சி. பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் 1997-இல் போய்விட்டது. என் வயசுக்காரர்கள் வெகுநாள் பாண்டியன் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தோம். தெருப் பெயர்களில் சாதியை எடுக்க 1978-இல் ஓர் ஆணை, 2025-இல் மறுபடியும் ஓர் ஆணை. எடுக்க வேண்டியதுதான், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பட்டியல் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: மேஸ்திரி என்பது சாதி அல்ல, வேலை. அவசரத்தில் அதையும் அடித்துவிடாதீர்கள்.