சேற்றில் சிக்கிய சுபவேளை

தன்னைப் பற்றி உண்மை பேசிய ராணுவத் தளபதிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் முதல் விரல் ஆம்புரோஸ் பர்ன்ஸைடுக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது வடக்குத் தரப்பின் பொடோமாக் படைக்குத் தலைமை ஏற்கும்படி இவரைக் கேட்டார்கள். ‘அவ்வளவு பெரிய படையை நடத்த எனக்குத் தெரியாதுங்க’ என்று இரண்டு முறை மறுத்தார். எல்லோரும் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பாவம், மனிதர் தகவல்தான் சொல்லியிருக்கிறார்!

1862 நவம்பரில் ஜனாதிபதி லிங்கனின் உத்தரவே நேரில் வந்தது. அப்போதும் தயங்கினார். அதைக் கொண்டுவந்தவர் மெதுவாக ஒன்றைக் காதில் போட்டார்: ‘நீங்க வேணாம்னா, ஜோசப் ஹூக்கருக்குப் போயிடும்.’ அவ்வளவுதான். சக தளபதி ஹூக்கர் மீது பர்ன்ஸைடுக்கு அப்படியொரு பாசம்! உடனே ஒப்புக்கொண்டார். லட்சம் பேருக்கு மேல் இருந்த ஒரு படைக்குத் தலைவர் கிடைத்தது, இன்னொருத்தர் தலைவராகிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தால்.

ஆளைப் பார்த்தால் சந்தேகமே வராது. வாட்டசாட்டமான உடம்பு. முன்மண்டை வழுக்கை. அங்கே விட்டதைக் கன்னத்தில் பிடித்திருந்தார்: காதோரம் கிளம்பும் கிருதா, கன்னம் முழுக்கப் பரவி மீசையில் போய் ஐக்கியமாகும். முகவாய் மட்டும் மழமழ. போட்டோவுக்கு நின்றால், போரில் பாதி ஜெயித்த மாதிரி இருக்கும். மீதிப் பாதிதான் பிரச்னை.

முதல் வேலையாக, ரப்பஹானக் ஆற்றைக் கடக்க மிதவைப் பாலப் படகுகள் கேட்டார். அவை ஒரு வாரத்துக்கு மேல் லேட். அதற்குள் எதிரித் தளபதி ராபர்ட் லீ எதிர்க்கரை மேட்டில் சாவகாசமாக இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டார். அப்படியும் பர்ன்ஸைடு பிளானை மாற்றவில்லை. டிசம்பர் 13, ஃபிரெட்ரிக்ஸ்பர்க். அவர் படையில் மட்டும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று 12,600-க்கு மேல். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஜனவரிக்குப் போவோம்.

1863 ஜனவரியில் வானம் பளிச்சென்று இருந்தது. சாலைகள் உலர்ந்து கெட்டியாகக் கிடந்தன. ரப்பஹானக் ஆற்றோரமாகவே மேலே போய், லீ எதிர்பாராத இடத்தில் கடந்து, பின்பக்கமாக வந்து அடிப்பது என்று திட்டம். பேப்பரில் பிரமாதம்! 20-ம் தேதி பர்ன்ஸைடு ஓர் அறிக்கை விட்டார். எதிரிக்கு மரண அடி கொடுக்கும் சுபவேளை வந்துவிட்டது என்று அதில் இருந்தது. படை முழுக்க வாசித்துக் காட்டினார்கள். பஞ்சாங்கம் பார்த்தவருக்கு வானத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. வெதர் ஆப் இல்லாத காலம் வேறு. அன்று சாயங்காலம் தூற ஆரம்பித்தது, ராத்திரி பூராவும் கொட்டித் தீர்த்தது.

21-ம் தேதி விடிந்தபோது சாலை இருந்த இடத்தில் சாலை இல்லை. வர்ஜினியாவின் களிமண் ஊறிக் குழைந்து, பீரங்கி வண்டிகளை அச்சு வரைக்கும் விழுங்கியிருந்தது. படகு வண்டிகளின் கதிதான் உச்சம். வழக்கமான கோவேறு கழுதைகள் இழுத்துப் பார்த்தன, அசையவில்லை. இரண்டு மடங்கு பூட்டினார்கள், மூன்று மடங்கு பூட்டினார்கள். அப்புறம் கயிறு கட்டி, ஒரு படகுக்கு 150 பேர் என்று சிப்பாய்களே இழுத்தார்கள். ‘ஐலசா’ போட்டால் நாலடி நகரும். மூச்சு வாங்க நின்றால் பொதக்கென்று உட்காரும். நவம்பரில் படகுகள் வரவில்லை என்று தோற்றவர், இப்போது படகுகள் வந்ததால் மாட்டிக்கொண்டார். சுற்றிலும் தண்ணீர்தான். மிதக்கத்தான் பத்தவில்லை.

‘18 அடி ஆழச் சேற்றில் வேலை செய்ய, 25 அடி உயரமுள்ள ஆட்கள் 50 பேர் தேவை’ என்று ஒரு இன்ஜினீயர் அதிகாரி மேலிடத்துக்கு எழுதினாராம். ஆள் வந்து சேரவில்லை என்று தெரிகிறது.

இந்தக் கூத்துக்கு நடுவே பர்ன்ஸைடு குதிரையில் மேற்பார்வை பார்க்க வந்தார். கழுதைகள் புதைந்து, வண்டி புதைந்து, தானும் பாதி புதைந்து நின்ற வண்டிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, ரொம்ப மரியாதையாகச் சொன்னாராம்: ‘ஜெனரல், சுபவேளை வந்துடுச்சுங்க!’ அறிக்கையை ஊன்றிப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

எதிர்க்கரையில் லீயின் ஆட்களுக்கு டிக்கெட் இல்லாத காமெடி ஷோ. ‘பாலம் போட நாங்க வேணா கை கொடுக்கவா?’ என்று கத்தினார்கள். ‘பர்ன்ஸைடு சேற்றில் மாட்டிக்கிட்டார்’ என்று பெரிய பலகை எழுதி நிறுத்தினார்கள். ‘ரிச்மண்டுக்கு வழி இது’ என்று இன்னொன்று. ரிச்மண்ட் அவர்களுடைய தலைநகரம்! உலகின் முதல் மீம் அன்றுதான் பிறந்தது என்பது என் கட்சி.

நனைந்து நடுங்கும் சிப்பாய்களைப் பார்த்து மனம் இளகிய தளபதி, மறுநாள் விஸ்கி கொடுக்கச் சொன்னார். நல்ல மனசுதான். வெறும் வயிற்றில் விஸ்கி இறங்கியதும் பென்சில்வேனியாக்காரர்களும் மாசசூசெட்ஸ்காரர்களும் மெய்ன்காரர்களும் கட்டிப்புரண்டு அடித்துக்கொண்டார்கள். அந்தப் படையெடுப்பில் உருப்படியாக நடந்த சண்டை அது ஒன்றுதான்.

வந்த வழியே திரும்பினார்கள். அந்த வழியும் சேறுதான். மழை மீது பழி போட்டுத் தப்பித்திருக்கலாம். பர்ன்ஸைடோ ஹூக்கர் உள்பட நான்கு தளபதிகளை டிஸ்மிஸ் செய்தும், வேறு சிலரைப் படையை விட்டு விலக்கியும் ஓர் உத்தரவு எழுதி, லிங்கனிடம் நீட்டினார்: ‘இதை ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் என் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளுங்கள்.’ அவர் நோக்கில் இது செக்மேட். லிங்கன் ஜனவரி 25-ல் பர்ன்ஸைடை விலக்கினார். அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார் என்கிறீர்கள்? ஹூக்கரைத்தான்.

ஹூக்கராவது ஒழுங்காக நடத்தினாரா? ‘நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரி வேண்டும்’ என்று பேசிக்கொண்டு திரிந்தவர் அவர். ‘ஜெயிக்கிற தளபதிதான் சர்வாதிகாரி ஆக முடியும், முதலில் ஜெயித்துக் காட்டுங்கள்’ என்று லிங்கன் கடிதமே எழுதினார். அந்த மே மாதமே சான்ஸலர்ஸ்வில்லில், தன் படையில் ஏறக்குறைய பாதியே இருந்த லீயிடம் ஹூக்கர் தோற்றார்.

பர்ன்ஸைடு என்ன ஆனார்? போர் முடிந்ததும் ரோட் ஐலண்ட் மக்கள் அவரை மூன்று முறை கவர்னர் ஆக்கினார்கள். அப்புறம் செனட்டராக்கி வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். 1881-ல் இறக்கும்போதும் அவர் செனட்டர்தான்.