நுழைவுக் கட்டணம் வாங்கினார்களே, பொறுப்பை வாங்கினார்களா?

கேள்வி: கபடிப் போட்டி என்று நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். நள்ளிரவு தாண்டித்தான் முதல் ஆட்டம். முட்டி பெயர்ந்த பையனுக்கு முதலுதவிப் பெட்டிகூட இல்லை. யாரைக் கேட்பது?
- வாசகர், திருப்புட்குழி

பதில்: மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்ட தோள்களைக் கேளுங்கள். மாலை வாங்க முன்வந்தவர் புகாரும் வாங்க வேண்டும்!

கேட்டால் நடக்கும். 2022 செப்டம்பரில் உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூரில், கபடி ஆட வந்த சிறுமிகளுக்கான சோற்றைக் கழிப்பறைத் தரையில் வைத்திருந்தார்கள். காணொளி வெளியானதும் மாவட்ட விளையாட்டு அதிகாரி பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அந்தச் சோற்றை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டி. பார்வையாளர் மேடை சரிந்து நூறு பேருக்கு மேல் காயம். தேசியப் போட்டிக்கே அந்தக் கதி என்றால், சவுக்குக் கம்பு கட்டிய நம்மூர் மேடையை யார் ஏறிப் பார்த்தார்கள்?

அடிபட்டு விழுந்த சடாயுவுக்கு ராமனே இறுதிக்கடன் செய்தான் என்று தலவரலாறு சொல்லும் ஊர் உங்களுடையது. விழுந்தவனை விட்டுவிட்டுப் போகலாமா? அடுத்த முறை பணம் கட்டுமுன் ரசீது கேளுங்கள். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அணியை அனுப்பாதீர்கள்.