ஸ்வெட்டரை எடுத்துக்கோ

கிரேக்க மாமியாருக்கு வெப்பமானியில் நம்பிக்கை கிடையாது. டிசம்பர் பிறந்தால் குளிர்காலம். குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர். வெளியே 14 டிகிரி, நல்ல வெயில், ஏதென்ஸ் கடற்கரையில் ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்றெல்லாம் வாதாடிப் பயனில்லை. “ஸ்வெட்டரை எடுத்துக்கோ” என்பது அவர் வாயில் வரவேற்பு, நலவிசாரிப்பு, வழியனுப்பு மூன்றுக்கும் பொது. அரசுத் தொலைக்காட்சி இந்த வாக்கியத்தையே பெயராக வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் ஒளிபரப்பியது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பல மாமியார்கள் யோசித்திருப்பார்கள்.

மருமகள் பின்லாந்துக்காரியாக வாய்த்துவிட்டால் கூத்துதான். உறைந்த ஏரியில் துளை போட்டு இறங்கிக் குளிப்பது அவள் ஊரில் பொழுதுபோக்கு. அப்படிப்பட்டவள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கணவனோடு ஏதென்ஸ் வந்து, குப்பைப் பையைக் கீழே கொண்டுபோய்ப் போடக் கிளம்பினால் மாமியார் மாடிப்படிவரை துரத்துகிறார். கையில் ஸ்வெட்டர். தலை ஈரமாக இருந்தால் கதவே திறக்காது. தரையில் வெறுங்கால் பட்டால் பக்கத்து அறையில் இருப்பவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஒரு ஜோடி செருப்பு பறந்து வரும். “எங்க ஊர்ல இப்ப மைனஸ் 20, அம்மா” என்கிறாள் மருமகள். மாமியார் அதைப் புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்வதில்லை. பாவம், வளர்ப்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்கிறார்.

கழுத்துப் பிடிப்பு, பல்வலி, காதுவலி எல்லாவற்றுக்கும் அவர் அகராதியில் காரணம் ஒன்றுதான்: இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே ஓடும் காற்று. அந்தக் காற்றில் உட்கார்ந்தவர் மறுநாள் எழுந்திருக்கமாட்டார். ஆனால் காலை எட்டு மணிக்கு வீட்டிலுள்ள அத்தனை ஜன்னல்களையும் பால்கனிக் கதவுகளையும் விரியத் திறந்து, போர்வைகளைக் கம்பியில் தொங்கவிட்டு, படுக்கையில் கிடப்பவர்களை விறைக்க வைப்பதும் இதே மாமியார்தான். அது காற்றோட்டம். அது வேறு.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். ஏதென்ஸ் அடுக்குமாடிகளில் பலவற்றில் கட்டடத்துக்கே ஒரு பாய்லர்தான். எண்ணெய்ச் செலவைக் குடியிருப்போர் பகிர்ந்துகொள்ள வேண்டும். பொருளாதார நெருக்கடிக் காலத்தில், 2012இல், சூடேற்றும் எண்ணெய்மீது வரியை ஏற்றினார்கள். பல கட்டடங்களில் பாய்லரே எரியவில்லை. ஜனங்கள் கண்ட விறகையும் அடுப்பில் போட, நகரம் முழுக்கப் புகை மண்டியது. பின்லாந்தில் வெளியே மைனஸ் 20 என்றால் உள்ளே 22. இங்கே பளிங்குத் தரையும் மெல்லிய சுவரும் சேர்ந்து வீட்டுக்குள்தான் குளிரைச் சேமித்து வைக்கின்றன. பிறந்ததிலிருந்து தான் இவ்வளவு நடுங்கியதில்லை என்று மருமகளே ஒப்புக்கொள்கிறாள், சோபாவில், மாமியாரின் ஸ்வெட்டருக்குள். வெயில் அடிக்கும் தெருவுக்கு அது எதற்கு என்பதுதான் அவள் கேள்வி.

மற்றபடி விடுமுறை நன்றாகவே போகும். சர்க்கரைப் பொடியில் புரட்டிய குராபியேதெஸும் தேனில் ஊறிய மெலோமகாரொனாவும் மலைமலையாக இருக்கும். பிள்ளைகள் முக்கோணக் கம்பியைத் தட்டிப் பாடிக்கொண்டு கதவைத் தட்டுவார்கள், சில்லறைக்கு. ஒரு புனிதரின் பெயரைக் கொண்டவர்கள் அவர் திருநாளில் கொண்டாடும் பெயர்நாள்கள் வேறு: டிசம்பர் 27 ஸ்டெஃபானோஸ்கள், ஜனவரி 1 வசீலிஸ்கள், 7 யானிஸ்கள். கிரேக்கத்தில் யானிஸ் இல்லாத குடும்பம் ஏது? புத்தாண்டுக்கு நாணயம் ஒளித்துச் சுட்ட வசிலோபிதா கேக்கை வெட்டும்போது முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது மாதாவுக்கு, பிறகு வீட்டுக்கு, அப்புறம்தான் மனிதர்கள். நாணயம் வருஷா வருஷம் பேரனுக்கே விழுவது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. கேக் சுட்டவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்றை மட்டும் விளையாட்டாகச் சொல்ல முடியவில்லை. இந்த அக்கறையெல்லாம் மருமகள் தலையில்தான் விடிகிறது. நாற்பது வயது மகன் இரண்டு வாரமும் சாய்ந்தபடி கிடக்கிறான். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை. அம்மா ஓடி ஓடிப் பரிமாறுகிறார், மருமகள் பாத்திரம் துலக்குகிறாள், ஈரக் கையோடு நிற்காதே என்று அதற்கும் ஒரு திட்டு. மகனைப் பார்த்து “எழுந்திரு” என்று ஒரு வார்த்தை வருவதில்லை. பெண்டாட்டிக்காக அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச அவனுக்கும் வாய் வருவதில்லை. ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் பாதி இடத்தை முட்டைக்கோஸ் தோல்மாதெஸ் டப்பாக்களும் எண்ணெய் டின்னும் பிடித்துக்கொள்ளும். அதைத் தூக்குவதும் அவளே.

ஜனவரி 6, திருமுழுக்குப் பெருநாள். பிரேயஸ் துறைமுகத்தில் கூட்டம் நெரிகிறது. குருமார் மந்திரித்த சிலுவையைக் கடலில் வீச, அரை நிர்வாணமாக நிற்கும் ஆட்கள் அதை எடுக்கக் குதிக்கிறார்கள். ஸ்வெட்டர் இல்லை, செருப்பு இல்லை, தலை சொட்டச் சொட்ட ஈரம். மாமியார் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கண் கலங்குகிறார். எடுத்தவனுக்கு வருஷம் முழுக்க நல்லது நடக்குமாம். மருமகளுக்கு முகம் மலர்கிறது. இப்போதெல்லாம் சில ஊர்களில் பெண்களும் குதிக்கிறார்களே, நானும் இறங்கட்டுமா என்கிறாள்.

மாமியார் சிறிது யோசிக்கிறார். கடவுள் காரியம், தடுக்கக் கூடாது.

“இறங்கு கண்ணு. தலையை மட்டும் நனைச்சுக்காதே.”