மாப்பிள்ளை குடுக்குத வரதட்சணை

ஏல பேராண்டி, இப்படி வந்து உக்காரு. நீ பைலட் ஆகப் போறியாமே, ஒங்கப்பன் சொன்னான். ரொம்ப சந்தோசம். நம்ம வம்சத்துல பனை ஏறுனவன் உண்டு. போலீசுக்குப் பயந்து கூரை ஏறுனவனும் உண்டு. ஆகாசத்துல ஏறுத மொத ஆளு நீதான். தாராளமா ஏறு. ஒரே ஒரு சந்தேகம் இருக்கு, அத மட்டும் தீத்து வச்சிட்டு ஏறு.

பைலட் மாப்பிள்ளைக்கு நம்ம பக்கத்துல என்ன மவுசுன்னு ஒனக்குத் தெரியும். நகை, காரு, ரொக்கம்னு பொண்ணு வீட்டுக்காரன் வரிசையில நிப்பான். நீ கொண்டாந்த பைலட் பயிற்சி விளம்பரக் காகிதத்தப் பாத்தா கதை தலைகீழால்லா இருக்கு? மாப்பிள்ளையே வரதட்சணை குடுக்கான். வாங்குதது சம்பளம் குடுக்க வேண்டிய விமானக் கம்பெனி! வரதட்சணை வாங்குனா குத்தம்னு 1961லயே சட்டம் போட்டாச்சு. அது கல்யாண மண்டபத்துக்குத்தான், காக்பிட்டுக்கு இல்லன்னு எவனோ நல்லாப் படிச்சவன் கண்டுபிடிச்சிருக்கான். கெட்டிக்காரன்.

மொறைக்காத. தாத்தன் பட்டிக்காட்டான்தான். ஆனா ஆயுசு பூரா ரிஜிஸ்தர் ஆபீசு வாசல்ல பத்திரம் எழுதுனவன். வாத்தியாரு படிச்சா அர்த்தம் பாப்பாரு, பத்திரக்காரன் படிச்சா வில்லங்கம் பாப்பான். ஒன் காகிதத்த ராத்திரி ரெண்டு தடவை படிச்சேன். மொத பக்கத்துல பையன் ஒருத்தன் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கான். கடைசிப் பக்கத்துல எறும்பு எழுத்துல நாலு வரி கெடக்கு. கட்டுன பணம் திரும்பாது. தேறலன்னா மறுபரீட்சைக்குத் தனிக் காசு. டாலர் ஏறுனா கட்டணமும் ஏறும். வேலைக்கு உத்தரவாதம் கெடையாது. பையன் எதுக்குச் சிரிக்கான்னு அந்த நாலு வரியப் படிச்ச பெறவுதான் எனக்கு வெளங்குச்சு.

சரி, ஞாயத்தப் பேசுவோம். பைலட் ஆகணும்னா மூணு எடத்துல துட்டு போகுது. மூணும் ஒண்ணு இல்ல. ஒண்ணாக் கட்டிப் பேசுதவன் ஒண்ணு தெரியாதவன், இல்லன்னா தரகன்.

மொத துட்டு லைசென்சுக்கு. சிபிஎல்னு சொல்லுதியே, அதுக்கு 200 மணி நேரம் பறக்கணும். அதுல 100 மணி நேரம் பக்கத்துல வாத்தியாரு இல்லாம நீயே தலைவனா ஓட்டணும். 300 நாட்டிக்கல் மைல் ஊரு விட்டு ஊரு போய் எறங்கிக் காட்டணும். விமானத்துறையக் கண்காணிக்குத டிஜிசிஏ வைக்குத பரீட்சை எல்லாம் எழுதணும். இதுக்குக் காசு கட்டுதது ஞாயம். டாக்டருக்குப் படிக்கவன் கட்டலையா, வக்கீலுக்குப் படிக்கவன் கட்டலையா? கட்டு. ஆனா மணிக்கணக்கு நெசமாப் பறந்த கணக்கா இருக்கட்டும். வண்டிய ஷெட்டுல நிப்பாட்டிட்டு லாக் புக்குல மணிய ஏத்துதவனுக்கு 'பார்க்கர் பேனாவுல பறந்தவன்'னு பைலட்டுக நடுவுல ஒரு பேரு உண்டாம். 2011ல போலி மார்க் சீட்டு குடுத்து லைசென்சு வாங்குனவங்கள டெல்லி போலீசு பிடிச்சுது, ஞாபகம் இருக்கா? நீ அப்ப சின்னப் பய. பேப்பர்ல படிச்சிட்டு ஒங்க ஆச்சி ஒரு வாரம் ஆகாசத்தையே பாத்துக்கிட்டுத் திரிஞ்சா, எது எப்ப விழுமோன்னு.

ரெண்டாவது துட்டு டைப் ரேட்டிங். இங்கதான் சூட்சுமம் ஆரம்பிக்குது. நீ படிக்கப் போறது ஒத்தை இஞ்சின் செஸ்னா. அந்த லைசென்ச வச்சிக்கிட்டு ஏர்பஸ் 320ல கைய வைக்க முடியாது. அந்த ரகத்துக்குன்னு சிமுலேட்டர்ல தனியாப் படிக்கணும். இஞ்சின்ல தீப்பிடிச்சா என்ன செய்யணும், ஒத்தை இஞ்சின்ல எப்படி எறக்கணும்னு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான். 15, 20 லட்சம் ஆகும்ங்கான். மொதல்ல இருந்தே கம்பெனி பேர்ல சேருத கேடட் திட்டம்னா எல்லாம் சேத்து ஒரு கோடியத் தொடுது. நான் கேக்குதது சின்னப்பிள்ளைக் கேள்வி: அந்த ஏர்பஸ் யாருது? ஒங்கப்பன் வாங்கி நம்ம தொழுவுல கட்டிருக்கானா? கம்பெனி விமானம், கம்பெனி டிக்கெட்டு, கம்பெனி லாபம். அத ஓட்டப் படிக்குத செலவு மட்டும் ஒனக்கு!

கம்பெனிக்காரனும் ஒரு ஞாயம் சொல்லுதான், அதையும் கேட்டுக்கிடணும். "நான் செலவழிச்சுப் படிக்க வச்சா, மறுநாளே துபாய்க்காரன் கூட ரெண்டு காசு குடுக்கான்னு ஓடிப் போயிருதான்"ங்கான். நெசந்தான், ஓடுதானுவ. அதுக்குத்தான பாண்டு எழுதி வாங்குதான்? அதுக்குத்தான 2017ல டிஜிசிஏவே, கமாண்டர் வேலைய விடணும்னா ஒரு வருசம் முன்னாடி, கோ-பைலட்னா ஆறு மாசம் முன்னாடி சொல்லணும்னு விதி போட்டுச்சு? வேற எந்த உத்தியோகத்துல ஒரு வருச நோட்டீசு இருக்கு? செலவு அவன் பண்ணா பாண்டு எழுதிக் குடுக்கலாம், தப்பில்ல. செலவையும் ஒங்கிட்ட வாங்கிட்டு, ஓடாம இருக்கப் பாண்டும் வாங்குனா? கிரயமும் எழுதிக்கிட்டு அடமானமும் எழுதிக்கிடுத மாதிரி ஒரு பத்திரம் எங்கிட்ட வந்திருந்தா, எழுத மாட்டேன்னு பேனாவ மூடிருப்பேன்.

பணம் கட்டுன பெறவு கம்பெனி இருக்குமான்னும் பாத்துக்க. கிங்ஃபிஷர் 2012ல நின்னு போச்சு. ஜெட் ஏர்வேஸ் 2019ல. கோ ஃபர்ஸ்ட் 2023ல. ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்குல மணிய வச்சிருக்குத கேப்டன்மாரு ரோட்டுக்கு வந்து, ஒன்னைய மாதிரி 200 மணிக்காரனுக்கு முன்னாடி வரிசையில நின்னாங்க. கம்பெனி முழுகிரலாம், ஒன் கடன் முழுகாது. பேங்க் வட்டிக்கு நீச்சல் தெரியும்.

மூணாவது துட்டு இருக்கே, அதுதான் சுத்த அயோக்கியத்தனம். டைப் ரேட்டிங்கும் முடிச்சாச்சு; 'அனுபவம் இருக்கா?'ம்பான். இல்லன்னு சொன்னா, 'பணம் கட்டு, 300 மணியோ 500 மணியோ எங்க விமானத்துலயே கோ-பைலட் சீட்டுல உக்காந்துக்க'ம்பான். பின்னால டிக்கெட்டு வாங்குன சனம் உக்காந்திருக்கு. முன்னால சம்பளம் வாங்க வேண்டியவனும் டிக்கெட்டு வாங்கிட்டு உக்காந்திருக்கான்! ஐரோப்பாவுல பைலட் சங்கங்க எல்லாம் சேந்து இத ஒழிக்கணும்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்கு. அவ்வளவு தூரம் போன வியாபாரம் இது.

'நல்லா ஓட்டுனாப் போதாதா தாத்தா, காசு எவன் குடுத்தா என்ன'ன்னு கேப்ப. கேளு. அமெரிக்காவுல 2009 பிப்ரவரி 12ந் தேதி ராத்திரி, நெவார்க்ல இருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் கம்பெனி விமானம் ஒரு வீட்டு மேல விழுந்துச்சு. உள்ள இருந்தவங்க 49, வீட்டுல இருந்தவரு ஒருத்தர், ஆக 50 உசுரு. வேகம் கொறையுது, கவனின்னு ஸ்டிக் ஆடி எச்சரிச்சுது. மூக்கத் தாழ்த்தணும்; கேப்டன் பதறிப்போயி இழுத்துட்டாரு. விசாரிச்சா, அவரு முன்னாடி பல பறக்குத பரீட்சையில தேறாதவரு. ஃபுளோரிடாவுல பணம் கட்டிட்டுப் பயணி விமானத்துலயே கோ-பைலட் சீட்டுல மணி ஏத்திக்கிடுத ஒரு பயிற்சிக்கூடம் வழியா வந்தவரு. அங்க காசு கட்டுனதாலதான் விழுந்துச்சுன்னு எவனும் எழுதல, நானும் சொல்லல. ஆனா ஒண்ண யோசி. பணம் கட்டுன ஆளு வாடிக்கையாளரு. வாடிக்கையாளரப் பாத்து 'ஒனக்கு இது வராதுப்பா, வீட்டுக்குப் போ'ன்னு சொல்ல எந்தக் கடைக்காரனுக்கு வாய் வரும்?

அந்த விமானத்துல கோ-பைலட் ஒரு சின்னப் பொண்ணு. வருசத்துக்குச் சுமார் 16,000 டாலர்தான் சம்பளம். அந்த ஊரு வெலைவாசிக்கு அது ஒண்ணுமில்ல. வேலை பாக்குத ஊருல வாடகைக்கு இருக்கக் கட்டுப்படியாகாம, சியாட்டில்ல இருந்து ராத்திரி பூரா விமானம் மாறி மாறி வந்து, சளியோட வேலைக்கு ஏறிருக்கு. லீவு போட்டா ஓட்டல் செலவு கையில இருந்து போவும்னு அது பேசுனதும் பதிவாயிருக்கு. ஏல, பைலட்டுக்கு எல்லாத்த விடவும் முக்கியமான வித்தை எது? ஏத்துததும் இல்ல, எறக்குததும் இல்ல. 'இன்னைக்கு எனக்கு முடியல, நான் ஓட்ட மாட்டேன்'ன்னு சொல்லுதது. டிஜிசிஏ வாரத்துக்கு 36 மணி நேரமா இருந்த ஓய்வ 48 மணி நேரம் ஆக்கிருக்கு, நல்ல காரியம். ஆனா கழுத்து வரைக்கும் கடன் இருக்குதவன் வாயில இருந்து 'முடியாது'ங்கிற சொல்லு அவ்வளவு லேசா வராது. அவன் கொட்டாவியக் கூட மறைச்சுத்தான் விடுவான்.

அந்த விபத்துக்குப் பெறவு அமெரிக்காக்காரன் சட்டம் போட்டான். 2013ல இருந்து கோ-பைலட்டுக்கும் பொதுவா 1500 மணி நேரம் வேணும்னு ஆச்சு. வேடிக்கை என்னன்னா, விழுந்த விமானத்துல இருந்த ரெண்டு பேருக்குமே 1500க்கு மேல இருந்துச்சு. நோவு காலுல, கட்டு தலையில. ஆனாலும் அந்தக் கட்டால ஒரு நல்லது நடந்துச்சு. ஆளு கெடைக்காமப் போச்சு. 2022ல அமெரிக்கன் ஏர்லைன்சோட சின்னக் கம்பெனிங்க புதுக் கோ-பைலட்டுக்கு மணிக்கு 90 டாலர்னு ஏத்துனாங்க. வெள்ளைக்காரன் ஊருல பிரிட்டிஷ் ஏர்வேஸ், வருசத்துக்கு 60 பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஒரு லட்சம் பவுண்டு வரைக்கும் ஆகுத படிப்புச் செலவ நாங்களே ஏத்துக்கிடுதோம்னு 2023ல அறிவிச்சுது. பாத்தியா? மாப்பிள்ளைக்குத் தட்டுப்பாடு வந்தா, குடுக்குத கை தானா மாறுது. அப்ப இது பயிற்சிச் செலவு கணக்கே இல்லல. வாசல்ல எத்தனை பேரு நிக்கான்ங்கிற கணக்கு. நம்ம ஊருல கமாண்டருக்குப் பஞ்சம், கோ-பைலட்டுக்குக் கூட்டம். கூட்டம் நிக்குத வரைக்கும் வாங்குதவன் கை நீண்டுதான் இருக்கும். அதனால ஒருத்தன் மட்டும் குடுக்க மாட்டேன்னு நின்னா, பின்னால நிக்கவன் குடுத்துட்டுப் போயிருவான். அதுக்குச் சட்டந்தான் வரணும், இல்லன்னா பைலட்டுக எல்லாரும் சேந்து நிக்கணும். எனக்கு ரெண்டுமே பக்கத்துல தெரியல.

ஆகவே, தாத்தன் புத்திமதி இது. கேக்காட்டாலும் பரவால்ல, ஒங்கப்பன் கேட்ட லெச்சணம் எனக்குத் தெரியும்.

மொதல்ல மெடிக்கல். பைசா கட்டுததுக்கு முன்னாடி பெங்களூர்ல விமானப்படைக்காரங்க நடத்துத எடத்துல போயிக் கண்ணு, காது, நெஞ்சு எல்லாம் காட்டு. நெறம் பிரிச்சுத் தெரியாத கண்ணுன்னு அங்க போயிக் கண்டுபிடிச்சா, பஸ் காசோட போயிரும். அடுத்து பரீட்சை. பறக்கப் போகுததுக்கு முன்னாடியே வானிலை, நேவிகேஷன், விதிமுறை எல்லாம் எழுதித் தேறு. தேறாம வெளிநாட்டுக்கு ஓடுனவன் அறை வாடகை கட்டியே அழிஞ்சிருக்கான். மூணாவது, பறக்கப் பறக்கத்தான் காசு. மொத்தமா முன்கூட்டிக் கட்டாத. 'இன்னைக்குக் கட்டுனா தள்ளுபடி'ன்னு சொன்னா, நாளைக்குக் கடை இருக்காதுன்னு அர்த்தம். நாலாவது, கம்பெனி எழுத்துல வேலை குடுத்த பெறவுதான் டைப் ரேட்டிங். நீயா ஆசைப்பட்டு 320 படிச்சு வச்சா, வேலை குடுக்கவன் 'எங்கிட்ட ஏடிஆர் விமானந்தான் இருக்கு'ம்பான். அஞ்சாவது, சனம் உக்காந்திருக்குத விமானத்துல சீட்டுக்குக் காசு கேட்டா, எவ்வளவுன்னு கூடக் கேக்காத, எந்திரிச்சு வந்துரு.

இதெல்லாம் தாண்டியும் நீ போவ, எனக்குத் தெரியும். ஆகாச ஆசை அப்படி. போ, நான் தடுக்கல. மேலக்காட்டு மூணு ஏக்கர விக்கணும்னு ஒங்கப்பன் நேத்தே ஆள் பாத்துட்டான். விக்கலாம். ஆனா மூலப் பத்திரம் என் டிரங்குப் பெட்டியில இருக்கு, சாவி என் அரைஞாணுல இருக்கு. மெடிக்கல் சீட்டும், பாஸான மார்க் சீட்டும் கொண்டாந்து காட்டு, பெட்டியத் திறக்கேன். ஒன்னைய நம்பாம இல்லல. வாங்குதவன் எழுதுன பத்திரத்துல, விக்குதவன் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டு எவனும் நல்லா இருந்து நான் பாத்ததில்ல.