மோதல் நாவல் அக்கா

தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வயது நாற்பதுக்கு மேல். கையில் பைண்டு போட்ட வாடகை நூலகப் புத்தகம், அது கிடைக்காத நாளில் மகன் கழித்துப்போட்ட செல்போன். அடுப்பில் பால் பொங்கி வழிவது இவருக்குத் தெரியாது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நாயகனுக்குத் தாடை இறுகியது தெரியும். "அக்கா, பால்!" என்று நாம் கத்தினால், "இரு தம்பி, இப்பத்தான் கார் கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போயிருக்கான்" என்பார்.

அக்காவுக்கு வேண்டியது ஒரே கதைதான். அவன் சிடுமூஞ்சி, அவள் வாயாடி. அவனுக்கு எஸ்டேட், அவளுக்குக் கல்விக் கடன். பஸ் ஸ்டாண்டில் இருவருக்கும் முட்டிக்கொள்ளும். மறுநாள் இவள் வேலைக்குப் போய்ச் சேர்ந்தால், முதலாளி நாற்காலியில் அதே சிடுமூஞ்சி. நடுவில் ஒரு மழை, ஒரு காய்ச்சல், கெடுதல் செய்ய ஓர் அத்தை மகள். கடைசிப் பக்கத்தில் சுபம். ரமணிசந்திரன் 150-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிவைத்ததால் அக்காவின் வாலிபம் பஞ்சமில்லாமல் கழிந்தது. அவர் பேச்சில் அந்த எழுத்தாளர் வெறும் 'ஆர்.சி.'தான்.

ஆனால் ஒரு சிக்கல். தலைப்பில் நிலவு, தென்றல், நெஞ்சம் மூன்றும் மாறி மாறி வந்தால் எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருக்கிறார். படித்து முடித்த புத்தகத்தில் 27-ஆம் பக்கத்து மூலையில் பென்சிலால் ஒரு நட்சத்திரம். நூலகத்தில் புத்தகத்தை எடுத்ததும் அட்டையைப் பார்க்கமாட்டார், நேரே 27-தான். அங்கே ஏற்கெனவே ஒரு பெருக்கல் குறி, ஒரு வட்டம், 'எஸ்' என்று ஓர் எழுத்து எல்லாம் இருக்கும். ஊரில் அக்கா தனி ஆள் இல்லை.

"முடிவுதான் முதல் பக்கத்திலேயே தெரிஞ்சுடுதே, அப்புறம் எதுக்குக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"நம்ம வீட்டுச் சண்டை எதுவாவது எப்படி முடியும்னு தெரியுதா? மாமியார் ஒரு தடவை மூஞ்சியைத் தூக்கினா ஆடி போய் ஆவணி வந்தாலும் இறங்காது. இதுல எவ்வளவு கத்தினாலும் கடைசில சேர்ந்துடுவாங்கன்னு தெரியும். தைரியமா ரசிக்கலாம்ல?"

பட்டிமன்ற நடுவர்கூட இவ்வளவு தெளிவாகத் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

கதை எந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதிலும் அக்கா கண்டிப்பு. "சின்ன ஊரா இருக்கணும் தம்பி. சென்னைன்னா சண்டை போட்ட கையோட நம்பரை பிளாக் பண்ணிட்டுப் போயிடுவா. கதை அங்கேயே படுத்துடும். தென்காசின்னா எங்க போவா? அதே கோயில், அதே மார்க்கெட், அதே குற்றாலம் பஸ். காலைல திட்டினவனை சாயங்காலம் பார்த்துத்தானே ஆகணும்?"

யோசித்துப் பார்த்தால் உலக இலக்கியமே அக்கா பக்கம்தான். ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட நாவலில், டார்சி துரை எலிசபெத்தை நடன விருந்தில் மட்டம் தட்டிப் பேசுகிறான். அது லண்டனாக இருந்தால் அன்றோடு தலைமுழுகியிருப்பாள். கிராமத்து வட்டாரமாயிற்றே, போகிற விருந்திலெல்லாம் அவன் முகம்தான். ராபின் கார் 2007-இல் தொடங்கிய 'விர்ஜின் ரிவர்' வரிசையில், லாஸ் ஏஞ்சலஸ் நர்ஸ் ஒருத்தி கலிபோர்னியா மலைக் கிராமத்துக்கு வேலைக்கு வருகிறாள். முன்னாள் ராணுவ வீரன் ஒருவன் அங்கே மதுக்கடை நடத்துகிறான். ஊர்க்காரர்களுக்குச் சாப்பாடும் அரட்டையும் அங்கேதான். ஆளுக்கு முகம் கொடுக்காமல் இருக்கலாம், சோற்றுக்கு என்ன செய்வது? நம் கொத்தமங்கலம் சுப்பு மட்டும் என்ன, 'தில்லானா மோகனாம்பா'ளில் நாகஸ்வரக்காரரையும் நாட்டியக்காரியையும் கோயில் திருவிழாவில்தானே மோதவிட்டார்!

இப்படி எதிரும் புதிருமான ஜோடிகளைச் சேர்த்துவைத்தே பழகிய அக்கா, சொந்த மகனுக்குப் பெண் பார்க்கும்போது ஆளே வேறு. பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்தாலும் அந்தப் பத்தாவது எங்கே என்பார். போன வாரம் தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். "பெண் தங்கம். கணம் ஒண்ணுதான் கொஞ்சம் இடிக்குது. பையன் தேவ கணம், பெண் ராட்சச கணம். கொஞ்சம் வாய் ஜாஸ்தின்னும் சொல்றாங்க."

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்!" என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா புத்தகத்தை எடுத்தார். அங்கே எஸ்டேட் முதலாளி முகத்தில் ஒருத்தி ராஜினாமா கடிதத்தை வீசிக்கொண்டிருந்தாள். "பாத்தியா, பொண்ணுன்னா இப்படி இருக்கணும்!"

சரி, அக்காவின் சொந்த வாழ்க்கை? அத்தான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஒருநாள் ஆசைக்கு அக்கா இடுப்பில் கைவைத்து, "உங்க திமிரெல்லாம் என்கிட்ட வச்சுக்காதீங்க!" என்று வசனம் பேசிப் பார்த்திருக்கிறார். அத்தான் பேப்பரை மடித்துவைத்து, "சரிம்மா, வேற எங்க வைக்கட்டும்?" என்றாராம்.

அக்கா என்னிடம் நொந்துகொண்டார். "இந்த மனுஷனை வச்சு ஒரு அத்தியாயம்கூடத் தேறாது தம்பி. முதல் பக்கத்துலயே சுபம் போட்டுடுவார்."