கூழ் காட்டிக் கூட்டம் சேர்த்த கிழவர்

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று பாட்டுக் கட்டிய பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் மடியில் ஒரு புத்திமதியை ஒளித்துக்கொண்டுதான் வந்தார்கள். ஔவையார் தொடக்கி வைத்த வேலை அது. பிள்ளை பாட வாயைத் திறக்கும், அந்த நேரம் பார்த்து ஒரு நீதியை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

இந்த வழக்கத்தில் மண் போட்டவர் நவாலியூர் க. சோமசுந்தரப் புலவர். 1878இல் பிறந்தவர், வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் வாத்தியார். அந்தக் காலத்துப் புலவர் செய்யவேண்டிய திருப்பணியில் அவர் குறை வைக்கவில்லை. கதிர்காமத்தானுக்குச் சிலேடை வெண்பா, நல்லூரானுக்கு அந்தாதி, அட்டகிரி முருகனுக்குக் கலம்பகம் என்று மொத்தம் பதினையாயிரம் பாட்டு என்பார்கள். உட்கார்ந்து எண்ணினவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

இப்போது வன்னியில் ஒட்டுசுட்டான் சந்தியில் நின்று, "சிலேடை வெண்பாவில் ஒன்று சொல்லுங்கோ அண்ணை" என்று கேட்டுப் பாருங்கள். பஸ் வரும் பக்கத்தைக் கைகாட்டுவார். ஆடி முதல் நாளுக்கென்று அவர் கட்டிய ஆடிப்பிறப்புப் பாட்டைக் கேளுங்கள், வெற்றிலையைத் துப்பிவிட்டு முழுதும் பாடுவார். மைக்கில்லை, கசெற்றில்லை, மேளக்காரர் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஏறி வன்னிக் காட்டுக்குள் வந்து சேர்ந்த பாட்டு அது.

கிழவரின் தந்திரம் வாத்தியார்களுக்கே உரியது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்த ஒரே விஷயம் அது பூட்டிக் கிடப்பதுதான் என்று அவருக்குத் தெரியும். எடுத்த எடுப்பிலேயே நாளைக்கு லீவு என்று அறிவித்துவிட்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது. பிறகு சாப்பாட்டுக்குப் போய்விட்டார். பச்சரிசியை இடித்து, பயறை வறுத்துக் குத்தி, தேங்காய்ப்பூவைப் பிழிந்து, பனங்கட்டி போட்டு, மா உருண்டையும் இட்டு, மணம் எழும்பும் வரை கூழைத் துழாவுகிற அத்தனை வேலையும் அம்மாவுக்கு. பிள்ளைக்கு ஒரே ஒரு பொறுப்புத்தான்: ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி வந்து, மடித்துக் கோலிக்கொண்டு அகப்பைக்கு நேரே நிற்பது. படையலும் உண்டு, குத்துவிளக்கும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டில் சாமியைவிட அகப்பைக்குத்தான் மவுசு. கலம்பகம் பாடின கைதான் இதையும் எழுதியது. முருகன் கோபித்ததாகத் தகவல் இல்லை.

கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றியும் ஒன்று பாடினார். கூலி கேட்காமல், நித்திரை கொள்ளாமல், கண்ணும் இமைக்காமல் நின்று வேலை செய்கிறவன் இவனைப்போல் வேறு யார் என்று அந்தக் காவற்காரனுக்குப் புகழ்மாலை. வாத்தியார் வேலை பார்த்த ஒருவர் இதை யாரை நினைத்து எழுதினார் என்று எனக்கு நெடுநாளாய் ஒரு சந்தேகம். நவாலி வெருளிக்குக் காகத்தையும் கிளியையும் சமாளித்தால் போதும், காலம் போய்விடும். ஒட்டுசுட்டானுக்கு அவனை மாற்றல் செய்தால் தெரியும் சேதி. முத்தையன்கட்டுப் பக்கமிருந்து யானை வந்தால், அதற்குக் கத்தரியும் ஒன்றுதான், காவற்காரனும் ஒன்றுதான். விடியப் பார்க்கையில் சட்டித் தலை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம் கிடக்கும்.

பிள்ளைகள் அவருக்குத் தங்கத் தாத்தா என்று பட்டம் கொடுத்தார்கள். கலம்பகம் பாடி யாரும் தாத்தா ஆனதில்லை. கூழ் மட்டும் அவரைக் கைவிட்டது: 1953 ஜூலை 10இல், ஆடிப்பிறப்புக்கு ஒரு கிழமை இருக்கையில் போய்விட்டார்.

அந்த லீவும் நிலைக்கவில்லை. ஆடி முதலாம் திகதி இப்போது கலண்டரில் சிவப்பு இல்லை. ஆகவே நாளை பள்ளிக்கூடம் கிடையாது என்று துள்ளுகிற பாட்டைப் பிள்ளைகள் பள்ளிக்கூட மண்டபத்திலேயே, சீருடையோடு வரிசையாய் நின்று பாடுகிறார்கள். முன்வரிசையில் அதிபர் தாளம் போடுகிறார். மறுநாள் காலை அவரே வாசலில் நின்று பிந்தி வருகிறவர்களைப் பிடிக்கிறார்.