மறதிக்கு வாய்தா

போலந்துக்காரர் பியோத்தர் வோஸ்னியாக் 1987இல் கணினியில் ஏற்றிய எஸ்எம்-2 என்ற மனப்பாடக் கணக்கு, மறதிக்கே தேதி குறிக்கிறது. இன்று படித்த புதுச்சொல்லை மறுநாள் கேட்கும். அடுத்து 6 நாள் கழித்து. சரியாகச் சொன்னால் இடைவெளியை 2.5ஆல் பெருக்கி 15, 38, 95 நாள் என்று வாய்தா நீளும். தடுமாறினால் பெருக்கெண் குறையும்; ஆனால் 1.3க்குக் கீழே இறங்காது (மக்குக்கும் ஒரு மரியாதை). மறந்தேவிட்டால் மறுபடி முதல் நாள்.

இத்தனை தசமப் புள்ளிக்கும் ஆதாரம்? நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் 0 முதல் 5 வரையிலான மதிப்பெண். 'நாக்கு நுனியில்தான் இருந்தது' என்று 4 போடுகிறவரை கணக்கு ஒரு வார்த்தை கேட்பதில்லை. திருவிழாவுக்கு ஊருக்குப் போய்வந்தால் பாக்கியெல்லாம் ஒரே காலையில் வந்து நிற்கும். அன்றைக்குப் பார்த்து எல்லாமே நினைவிருக்கும்: 5, 5, 5.